எடைக் கோட்டில் அக்கா வைத்த புள்ளி

நான் கோபித்துக்கொண்டு போன நாளிலும் எனக்குச் சோறு எடுத்து வைத்த என் அக்காவுக்கு,

நீ கண் மூடி நாற்பது நாள் ஆகிறது. பிரசவ வார்டில் நீ நர்ஸாக உட்கார்ந்த நாற்காலியில் இப்போது வேறொருத்தி இருக்கிறாள். உன் மருமகள், என் மகள் வனிதா ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். பாவாடையை மறுபடியும் இறக்கித் தைக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவு வளர்த்தி. அவளை நீ தராசுத் தட்டில் வைத்த அந்த நாளைப் பற்றி நாம் இருவரும் பிறகு பேசவே இல்லையே, ஏன் அக்கா?

அந்த வருஷம் தையில்தான் எனக்குக் கல்யாணம். ஆவணிக் கடைசியிலேயே முருகேஸ்வரிக்கு வலி கண்டுவிட்டது. லோயர் கேம்ப் பவர் ஹவுஸில் ஷிப்டில் இருந்தேன். போன் வந்து, நான் பஸ் பிடித்துக் கம்பம் வருவதற்குள் பெண் பிறந்திருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பாவின் அக்கா, நம் பெரியத்தை, விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். எட்டு மாசம்கூட நிறையவில்லையே, பிள்ளை மெலிசாக இருந்தாலும் மாசம் நிறைஞ்ச பிள்ளை மாதிரித்தானே இருக்கு என்று என் காதுபடச் சொன்னார். அதாவது, கல்யாணத்துக்கு முந்தியே உண்டான பிள்ளையாம்.

நான் முருகேஸ்வரியைப் பார்க்கப் போகவில்லை. நேரே உன்னிடம் வந்தேன்.

ஆயிரத்து எண்ணூறு கிராம் என்று நீ எழுதிக்கொண்டிருந்தாய். குழந்தையின் பாதத்தைத் திருப்பி ரேகை பார்த்தாய். முன்பக்கம் மட்டும் இரண்டொரு கோடு. காது மடலை மடக்கினாய், துணி மாதிரி மடங்கியே கிடந்தது. முருகேஸ்வரி கடைசியாகத் தூரமான தேதியிலிருந்து வாரத்தை எண்ணினாய். பிறகு மேஜையிலிருந்து வளர்ச்சி அட்டையை எடுத்து, முப்பத்துமூன்றாம் வாரத்துக்கு நேராகப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாய். மூன்று வளைகோடுகளில் நடுக்கோட்டுக்குச் சற்றே கீழே அது விழுந்தது.

"மாசம் நிறைஞ்ச பிள்ளையா அக்கா?" என்று கேட்டேன். கேட்ட விதத்திலேயே உனக்கு விளங்கிவிட்டது.

நீ சத்தம் போடவில்லை. மாசம் நிறைந்து இதே எடையில் பிறந்திருந்தால் புள்ளி அடிக்கோட்டுக்கும் கீழே போயிருக்கும், வயிற்றில் சரியாக வளராத பிள்ளை என்று அர்த்தம் என்றாய். பாதத்து ரேகையும் காது மடலும் குறைமாசம் என்றுதான் சொல்கின்றன, இவள் தன் வாரத்துக்குத் தகுந்த எடையோடுதான் இருக்கிறாள், அவசரப்பட்டு வந்துவிட்டாள், அவ்வளவுதான். கோடுகள் வெளிநாட்டுப் பிள்ளைகளை வைத்துப் போட்டவை, நம் பிள்ளைகள் கொஞ்சம் கீழேதான் நிற்கும் என்றும் சொன்னாய். எனக்கு மூச்சு வந்தது. அதை நீ பார்த்துவிட்டாய்.

"ஏலே, இந்தப் புள்ளிய நான் உனக்காக வைக்கல. இவளுக்குப் பால் எப்படிக் குடுக்கணும், சூடு எப்படிக் காக்கணும்னு தெரியறதுக்கு வச்சேன். உன் பொண்டாட்டிய நிறுக்கிறதுக்கு இங்கன தராசு கிடையாது."

சப்பத் தெம்பில்லாத அவளுக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சிச் சங்கில் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாய். உடம்பெல்லாம் பஞ்சு சுற்றினாய். பெரியத்தையையே கூப்பிட்டு மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னாய். அதற்குப் பிறகு அவர் விரல் மடக்கி எண்ணவில்லை.

நான் கேட்டதை மட்டும் நீ யாரிடமும் சொல்லவில்லை. புள்ளி வேறிடத்தில் விழுந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?

போன ஞாயிற்றுக்கிழமை முருகேஸ்வரியிடம் சொல்லிவிட்டேன். மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எனக்குத் தெரியும். என் கட்டிலுக்கும் உங்களுக்கும் நடுவுல ஒரு திரைதான இருந்துச்சு" என்றாள். உரித்த தோலை ஒதுக்கிவிட்டு, "மதினி சொன்னாகல்ல, அந்தப் பதிலும் கேட்டுச்சு. அதனாலதான் எங்க அம்மா வீட்டுக்குப் போகாம உங்க வீட்டுக்கு வந்தேன்."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்து, பார்த்துப் போங்க என்றாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நம் குடும்பத்தில் இனி எந்தப் பிள்ளை பிறந்தாலும் நான் மாசம் எண்ண மாட்டேன், என் முன்னால் யாரையும் எண்ண விடவும் மாட்டேன். முதலில் தாயைப் போய்ப் பார்ப்பேன்.

உனக்குப் பின்னால் பிறந்த,
உன் ஒரே தம்பி