துளசிராம் குனிந்தான்

12.3.1996, செவ்வாய்

தல்லாகுளம் கிளப்பில் இன்று பழைய ஆட்டக்காரர்களுக்கு ஒரு பாட்மின்டன் ஆட்டம். அந்தக் காலத்தில் இரட்டையரில் என் ஜோடியாக ஆடிய துளசிராமை எனக்கு எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டார்கள். தொடங்குமுன் எல்லோர் முன்னாலும், "இவன் பின்னாடி நின்னு அடிச்சான், அம்புட்டுத்தான். ஜெயிச்சதெல்லாம் என்னாலதான்" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்போதெல்லாம் நான் பின்னாலிருந்து "ஏய்" என்று கத்தினால், வலையோரம் நிற்பவன் சட்டென்று குனிவான். என் அடி அவன் தலைக்கு மேலே பறக்கும். இன்றும் கத்தினேன். எதிரே நின்றவன் பழக்கத்தில் குனிந்தான். நெஞ்சு உயரத்துக்கு நான் அடித்த இறகுப்பந்து அவன் மூக்குக்கண்ணாடியை நொறுக்கியது. சட்டையெல்லாம் ரத்தம். கண் தேறுமா என்று டாக்டர் சொல்லவில்லை.

கட்டுப் போடும்போது, "நீ என்ன செய்வ மாப்ள, நான்தான் குனிஞ்சுட்டேன்" என்றான்.

குனிவான் என்று தெரிந்துதான் கத்தினேன்.