இருபது ரூபாய்ப் பத்திரம்

புரட்டாசி 9, வியாழன் இரவு

இன்று புதுக்கோட்டை கோர்ட்டில் இருக்கும் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனேன். நாலு வருடமாகப் பீரோவில் பத்திரமாக வைத்திருந்த விவாகரத்துத் தாளை அங்கிருந்த வக்கீலம்மாவிடம் நீட்டினேன்.

"இது செல்லாதுங்க. சட்டப்படி நீங்க இன்னும் அவரு சம்சாரம்தான்" என்றார்.

கோர்ட்டுக்குப் போனால் வக்கீலுக்கே வீட்டை விற்றுக் கொடுக்க வேண்டும் என்று அன்று பயமுறுத்தியது அண்ணன்தான். குளத்தூரில் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் நானும் அவரும் கையெழுத்துப் போட்டோம். தாலியைக் கழற்றி வெற்றிலைத் தட்டில் வைத்தேன். செலவில்லாமல் முடித்துவிட்டதாக அண்ணனுக்கு ஒரே பெருமை.

"கோர்ட்ல போட எவ்வளவுங்க ஆகும்?"

"பொம்பளைங்களுக்கு இங்க வக்கீல் பீஸே கெடையாதுங்க. அப்பவே வந்திருந்தாலும் கெடையாது."

தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

இருவரும் சேர்ந்து மனுப் போட்டால் சீக்கிரம் முடியுமாம். அவருடைய கையெழுத்து வேண்டும். கோர்ட் வாசலிலேயே நின்று போன் செய்தேன். அவர் இப்போது கட்டியிருக்கும் பெண்தான் எடுத்தாள்.

"இன்னும் எதுக்குக்கா கையெழுத்து? அதான் அன்னைக்கே பத்திரம் எழுதியாச்சே. அதப் பாத்துட்டுத்தானே எங்கப்பா என்னயக் கட்டிக் குடுத்தாரு."

பின்னால் குழந்தை சிணுங்கியது.

"சும்மாதாம்மா. அவரு வந்ததும் பேசச் சொல்லு" என்று வைத்துவிட்டேன்.

அவர் இதுவரை பேசவில்லை. நான் தட்டில் கழற்றி வைத்த தாலி, சட்டப்படி இன்னும் என் கழுத்தில்தான் இருக்கிறதாம். அப்படியென்றால் அவள் கழுத்தில் இருப்பது என்ன? நாளைக்கும் போனை அவளே எடுத்தால் என்ன சொல்வேன்?