சிவப்பு மையில் அடிபட்ட பெயர்

ஈப்போ,
12.4.1983

அன்புத் தம்பி பெர்னார்டுக்கு,

எல்ஸி அக்கா எழுதுவது. அந்த லண்டன் குளிரிலும் ஆண்டவர் உன்னைச் சுகமாக வைத்திருப்பார் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவுக்கு முட்டிவலி குறையவில்லை. தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் எண்ணெய்க்குச் செம்பனை நடுகிறார்கள். தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ என்று பயப்படுகிறார்.

நான் கல்லூரியில் தட்டச்சு வேலையை விட்டுவிட்டேன். காரணத்தை வேறு யாரும் சொல்லி நீ கேட்கக் கூடாது.

நீ இங்கே கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தபோது இரண்டு வருடம் தங்கத்தை ஆவியாக்கிக் கண்ணாடியில் படியவைத்தாயே. அவ்வளவு பொடித் துகளானால் தங்கம் மஞ்சளாக இராது, ஊதாவாகத் தெரியும் என்று எனக்கும் காட்டினாய். அந்தக் கட்டுரையை நீ புறப்படும் முன்பே தட்டச்சு செய்து வைத்தேன். பிப்ரவரியில் துறைத் தலைவர் ஜெயபாலன் அதை மறுபடி என் மேசையில் வைத்தார். முதல் பக்கத்தில் உன் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதியிருந்தார். இது தம்பி செஞ்சதுங்க சார் என்றேன். அவன்தான் லண்டன்ல பெரிய பட்டம் வாங்கப் போறான், இது ஒண்ணு அவனுக்கு எதுக்குலா, உனக்கு வேலை நிரந்தரமாக வேணாமா என்றார்.

தட்டச்சு செய்து கொடுத்தேன், தம்பி. என் விரல்கள்தான். அவர் அதை ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார். அதே வாரம் வேலை நிரந்தரக் கடிதமும் வந்தது.

ஈஸ்டருக்கு அப்பா பஸ் ஏறி வந்து, மகன் வெளிநாடு போக உதவியவர் என்று அவர் வீட்டுக்கு இரண்டு சேவல் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். அந்த மனிதரும் தோட்டத்தில் பிறந்தவர்தான். அவர் அம்மாவும் ரப்பர்ப் பால் வாளி சுமந்தவர். அப்பா செருப்பை வெளியே விட்டுக் கைகூப்பி நிற்கிறார். இவர் சேவல்களின் காலைப் பிடித்துத் தூக்கி எடை பார்க்கிறார். பெர்னார்ட் நல்லா வருவான், நான் வளத்த பையன் என்கிறார். எனக்கு வெறுப்பாக இருந்தது. அவரைப் பார்த்து மட்டும் இல்லை. அவர் கொடுத்த தேநீரை நானும் குடித்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரி திறந்த அன்றே விலகல் கடிதம் கொடுத்தேன். உன் பெயரோடு முதலில் அடித்த பக்கங்களின் கார்பன் பிரதி, தேதியோடு, இதில் இருக்கிறது. உன் பேராசிரியரிடம் காட்டு. பத்திரிகைக்கு எழுதச் சொல். மாற்றி அடித்தது யார் என்று கேட்டால் என் பெயரைக் கொடு. கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்.

அப்பாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. நான் தோட்டத்து வீட்டுக்குப் போனால், சாப்பிடும் முன் ஜெபத்தில் இன்னும் அந்த ஆளின் பெயரைச் சொல்கிறார். நானும் கூடவே ஆமென் சொல்கிறேன்.

கர்த்தர் உன் படிப்பையும் உடம்பையும் காக்கட்டும். கோபம் இருந்தால் திட்டி எழுது, தம்பி. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அக்கா,
எல்ஸி