பச்சை டேப் சுற்றிய கயிறு

ஆகஸ்ட் 4, 2024. ஞாயிறு

ஆடிப்பெருக்கு நோம்பி நேற்றோடு முடிந்தது. வேப்பமரத்தில் ஊஞ்சலாடக் கட்டிய தூரியை அவிழ்க்க அன்பரசு மாமா சாயங்காலம் வந்தார். நானும் நித்யஸ்ரீயும் விடவில்லை. அவள் மாமாவின் மகள், ஒன்றாம் வகுப்பு. ஒன்பதாவது படிக்கிற கழுதைக்குத் தூரி எதற்கு என்று அம்மா கேட்டாள். மாமா அம்மாவின் தம்பி. அம்மா திட்டினால் அவருக்குச் சிரிப்பு வரும்.

"இன்னும் ஒரு வாரம் மாமா."

"சரி, இருக்கட்டும் போ. புள்ளைங்க ஆடட்டும்."

இதில் ஒரு ரகசியம் இருக்கிறது. அப்பாவும் மாமாவும் சேர்ந்து மரம் வெட்டப் போகிறவர்கள். மேலே ஏறும்போது இடுப்பில் கட்டிக்கொள்ள ஆளுக்கு ஒரு கயிறு. மாமாவின் கயிறு தேய்ந்துவிட்டது என்று போன மாதம்தான் செவ்வாய்ப்பேட்டை ரஹமத்துல்லா பாய் கடையில் அப்பா புதுசு வாங்கி, அதன் நுனியில் பச்சை டேப் சுற்றிக் கொடுத்தார். பழசு தூரிக்கு ஆகும் என்று மாமா வீட்டு மூலையில் போட்டார்கள்.

மாமா தூரிக்குக் கட்டியது புதுசை.

"பழசுல உங்களை உக்கார வச்சுட்டு நான் எப்படி நிம்மதியா இருக்கறது அம்மணி? இது ஆனையைக் கட்டுனாலும் தாங்கும். உங்கப்பன்கிட்டச் சொல்லிப்போடாத, வைவாரு."

அப்போ வேலைக்கு என்ன செய்வீங்க என்று கேட்டேன். கேட்டேன்தான். "ஆடியில பெரிய சோலி எங்க இருக்குது? ஒரு வாரத்துக்குப் பழசே போதும்."

அப்பாவிடம் சொல்லவில்லை. இந்த நோட்டில் மட்டும் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 9. வெள்ளி

மாமா இறந்துவிட்டார்.

ஆகஸ்ட் 11. ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

அஸ்தம்பட்டியில் ஒரு வீடு. வாசலில் தூங்குமூஞ்சி மரம், ஒரு கிளை மொட்டை மாடிமேல் சாய்ந்திருந்தது. நாற்பது அடி உயரம். மாமா கிளை பிரிகிற மேல் கவட்டையில் கயிற்றைப் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு கிளை நுனிக்குப் போனார். ரம்பத்தை எடுக்கப் பின்னால் சாய்ந்தார். கயிறு அறுந்தது. காம்பவுண்டு சுவர்மேல் விழுந்தார். வெட்டிய கிளையை இறக்குகிற கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்பா கீழே நின்றிருந்தார். மணி பதினொன்று இருபது. அந்த நேரத்தில் எனக்குச் சமூக அறிவியல். மண் வகைகள் நடத்தினார்கள்.

அறுந்த கயிற்றைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அப்பா அதைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. கீழிருந்து பார்த்தால் பழசும் புதுசும் ஒன்றுதான். இரண்டும் வெள்ளை நைலான்.

இன்று பால் தெளித்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். "புதுக் கயிறாமா. வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகலியாமா." நான் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு டம்ளர். ஒரு சொட்டும் சிந்தவில்லை. ஏன் சிந்தவில்லை?

என் ஜன்னலிலிருந்து வேப்பமரம் தெரியும். எங்கள் வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் பொதுவான மரம். தூரியை யாரோ மேலே சுருட்டிக் கிளையில் சொருகி வைத்திருக்கிறார்கள். அதை யாரும் பார்ப்பதில்லை.

ஆகஸ்ட் 13

ஒரு வாரம் என்று கேட்டது நித்யஸ்ரீ இல்லை. நான்.

ஆகஸ்ட் 18. ஞாயிறு

அப்பா செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்ப் பாய் கடை முன்னால் நின்று கத்தியிருக்கிறார். "ஆளைக் கொல்லவா கயிறு விக்கறீங்க?" என்று கேட்டாராம். மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் கூடிவிட்டார்களாம். அப்பாவே அம்மாவிடம் சொன்னார். சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

நான் கேட்டுக்கொண்டே ஹோம்வொர்க் எழுதினேன். ஏழு கணக்கு. ஏழும் சரி.

ஆகஸ்ட் 24. சனி

பதினாறாம் நாள். ரஹமத்துல்லா பாய் பஸ் ஏறி வந்திருந்தார். வாசலிலேயே நின்றார். அப்பா எழுந்திருக்கவில்லை.

"ஜெகதீஸ்வரன், பதினஞ்சு வருசமா எங்கிட்டத்தான் கயிறு எடுக்கறீங்க. நீங்க சொன்னதை மனசுல வச்சுக்கலை. அந்தக் கயிறு திரும்பி வந்தா ஒருக்கா என் கண்ணுல காட்டுங்க. அது போதும்."

மாமாவின் மனைவி அமுதவல்லி அத்தை உள்ளே உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும். பாய் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். டம்ளரை நான்தான் வாங்கினேன். அவர் என்னைப் பார்த்து, "நல்லாப் படி கண்ணு" என்றார்.

ஆகஸ்ட் 27. செவ்வாய்

அப்பா இன்று வேலைக்குக் கிளம்பினார். வண்டியில் ரம்பம் இருந்தது, அருவாள் இருந்தது. கயிற்றுச் சாக்கு இல்லை.

"கயிறு எங்கீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"என்னத்துக்கு?"

"என்னத்துக்கா? கட்டறதுக்குத்தான்."

"கட்டுனவன்தான செத்தான்."

அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பாவின் கயிறு பரண்மேல் கிடக்கிறது.

புதுக் கயிறே அறுந்தது என்று அப்பா நம்புகிறார். அதனால் எந்தக் கயிறும் வேண்டாம் என்கிறார். புதுசு அறுபடவே இல்லை. அது என் ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. இது தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

சொன்னால், மாமா செத்தது என்னால் என்று ஆகும். சொல்லாவிட்டால் அப்பா கட்டாமல் ஏறுவார்.

ஆகஸ்ட் 29

நேற்று இரண்டு மரம். இன்று ஒன்று.

ஆகஸ்ட் 31. சனி

அப்பா ஏறும்போது கீழே நிற்க இப்போது செங்கோடன் என்பவர் போகிறார். கூலியை வாங்க வந்தவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். "உங்கப்பன் கொரங்குக்குப் பொறந்திருக்கோணும் அம்மணி. நேத்து உச்சியில நின்னுக்கிட்டு ரெண்டு கையையும் உட்டுட்டுப் பீடி பத்த வெக்கறாரு. கீழ நான்தான் கண்ணை மூடிக்கிட்டேன்."

நானும் சிரித்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒவ்வொரு வண்டிச் சத்தமும் கேட்கிறது. அப்பாவின் வண்டிக்குச் சைலன்சர் ஓட்டை. தூரத்திலேயே தெரிந்துவிடும். அந்தச் சத்தம் வரும்வரை நான் ஒரே வரியைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 3

மூன்று மரம்.

செப்டம்பர் 5

ஏழரைக்குத்தான் வந்தார். வண்டி பஞ்சராம். பஞ்சர்தானாம். நான் பாத்ரூமுக்குள் போய் வாந்தி எடுத்தேன். நாளைக்குச் சொல்லிடறேன். சொல்லிடறேன் சாமி. நாளைக்கு.

செப்டம்பர் 6

சொல்லவில்லை.

செப்டம்பர் 8. ஞாயிறு

வாயால் சொல்ல வரவில்லை. கயிற்றின் நுனியைக் காட்டினால் போதும் என்று தோன்றியது. நுனி மேலே கிளையில், முடிச்சுக்கு அடியில் இருக்கிறது. கிளையில் கயிறு உராயாமல் இருக்க மாமா சாக்கு சுற்றியிருந்தார். அதை விலக்கினால் டேப் தெரியும்.

காலை ஆறு மணிக்கு வேப்பமரத்தில் ஏறினேன். முதல் கவட்டை வரை சுலபம். அதற்கு மேல் கால் வைக்க இடமில்லை. தொற்றி ஏறித் தூரிக் கிளையைப் பிடித்துவிட்டேன். பிறகு கீழே பார்த்தேன். பதினைந்து அடி இருக்கும். நாற்பதில் பாதிகூட இல்லை. ஆனால் கிளையை விட்டுக் கையை எடுக்க வரவில்லை. மேலேயும் போக முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.

அப்பா பல் விளக்க வெளியே வந்தார்.

"ஏஞ்சாமி... அங்க என்ன பண்ற?"

கிளையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"அசையாத. கீழ பாக்காத. ரெண்டு கையி, ரெண்டு காலு, நாலுல மூணு எப்பவும் மரத்துல இருக்கோணும். ஒண்ணை மட்டுந்தான் எடுக்கோணும். கேக்குதா? ஒண்ணும் கட்டாம யாராச்சும் ஏறுவாங்களா?"

"நீங்களும் கட்டறதில்லீங்களே அப்பா."

"நானும் நீயும் ஒண்ணா?" குரல் உடைந்துவிட்டது. அப்பாவுக்கு அப்படிக் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. மாமாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட இல்லை.

வீட்டுக்குள் ஓடினார். பரணில் ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. தன் கயிற்றோடு வந்தார். அதை மேல் கவட்டையில் வீசி, இழுத்துப் பார்த்து, இடுப்பில் கட்டினார். கட்டிக்கொண்டு ஏறினார். பக்கத்தில் வந்ததும் முதலில் என்னைச் சேர்த்துக் கட்டினார். அவர் சட்டையில் மரப்பால் வாசனை.

"தூரியில இருக்கறதுதான் அந்தப் புதுக் கயிறுங்கப்பா" என்றேன். "சாக்கை விலக்கிப் பாருங்க."

அப்பா விலக்கினார். பச்சை டேப். அவர் சுற்றியது. கட்டைவிரலால் அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

இறங்கிய பிறகுதான் கேட்டார். "அப்ப அவன் எதுல போனான்?"

"பழசுலீங்கப்பா."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க. அவுக்க வந்தாரு. நான்தான் இன்னும் ஒரு வாரம்னு கேட்டேன்."

வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். என்னிடம் இல்லை, தரையிடம் சொன்னார். "பழசை நான் அன்னிக்கே துண்டு போட்டிருக்கோணும். ஆகாத கயித்தை முழுசா வச்சிருந்தது நானு."

உன் தப்பு இல்லை என்று அப்பா சொல்லவில்லை. உன் தப்பு என்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 11

அப்பா சொன்னதிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை. இன்று காலையில் கூப்பிட்டு உட்கார வைத்துத் தலை பின்னிவிட்டாள். இழுத்துப் பின்னினாள். வலித்தது. நான் அசையவில்லை.

செப்டம்பர் 14. சனி

அப்பா பாயிடம் போய்விட்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. பாய் நித்யஸ்ரீக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பியிருந்தார்.

சாயங்காலம் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அத்தையிடம் போனார். அப்பாதான் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"ஒரு வாரம்னு நான்தான் கேட்டேனுங்க அத்தை."

"நீ சொன்னாக் கேட்டுருவாரா? நான் சொன்னதையே ஒரு நாளும் கேட்டதில்ல." ஒரு கல்லை எடுத்துப் போட்டுவிட்டு, "அந்தக் கயிறு இப்ப எங்க?"

ஐந்து வாரம் வெயிலிலும் மழையிலும் கிடந்தது, இனி வேலைக்கு ஆகாது, துண்டு துண்டாக அறுத்துவிட்டேன் என்றார் அப்பா. பச்சை டேப் இருக்கும் துண்டை மட்டும் அத்தை கேட்டாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டாள்.

அக்டோபர் 2. புதன்

வேலைக்குக் கிளம்பும் முன் அப்பா கயிற்றை என் கையில் கொடுக்கிறார். அடி அடியாக விரலில் ஓட விட வேண்டும். பஞ்சு பிரிந்திருக்கிறதா, எங்காவது விறைப்பாக இருக்கிறதா, மெலிந்திருக்கிறதா. கண்ணை விட விரலுக்குச் சீக்கிரம் தெரியும் என்கிறார். நான் பார்த்த பிறகு அவர் ஒரு முறை பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் வண்டியை எடுக்கிறார்.

அறுபது அடி. நான்கு நிமிடம்.

இப்போதும் ஆறு மணிக்குச் சைலன்சர் சத்தத்துக்குக் காத்திருக்கிறேன். ஆனால் பாடம் அடுத்த வரிக்குப் போகிறது.

ஜனவரி 20, 2025. திங்கள்

இன்று ஒரு இடத்தில் விரல் நின்றது. ஒரு சாண் அளவுக்குச் சொரசொரப்பு. எனக்கே சந்தேகமாக இருந்தது. சொன்னேன். அப்பா வளைத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அருவாளை எடுத்து முழுக் கயிற்றையும் துண்டு போட்டார். செங்கோடன் வாசலில் நின்று, "ஒரு நாளைக்கு அதுலயே ஓட்டியிருக்கலாமுங்க" என்றார்.

அப்பா சொரசொரத்த துண்டை எடுத்து அவர் கையில் வைத்தார்.

இன்று வேலை இல்லை. அப்பாவும் செங்கோடனும் கயிறு வாங்கப் போனார்கள்.

மே 9

நித்யஸ்ரீ எங்கள் வீட்டுக்கு வருகிறாள், போகிறாள். அத்தை வருவதில்லை. வாசலில் பார்த்தால், "சாப்ட்டியா?" என்று கேட்கிறாள். சாப்பிட்டேன் என்கிறேன்.

ஆகஸ்ட் 3, 2025. ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. இந்த வருடம் தூரி கட்டுவோம் என்று நான் நினைக்கவில்லை. அப்பா நேற்றுச் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து சிவப்புக் கயிறு வாங்கி வந்தார். தூரிக்கு மட்டும். வேலைக்கயிறு வெள்ளை. இருட்டில்கூட மாறாது என்றார்.

காலையில் கட்டினார். இடுப்பில் வெள்ளை, தோளில் சிவப்பு. நான் கீழே நின்று பார்த்தேன்.

அத்தை நித்யஸ்ரீயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வேப்பமரத்தடிக்கு ஒரு வருடம் கழித்து இன்றுதான் வருகிறாள். கயிற்றைப் பிடித்து இழுத்தாள். அண்ணாந்து முடிச்சைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பாத்துட்டியா?"

"பாத்தேனுங்க அத்தை. முழுசும்."

நித்யஸ்ரீயைத் தூக்கி உட்கார வைத்தாள். ஒரு தள்ளு தள்ளினாள்.

பொழுது சாய்ந்ததும் அவிழ்க்க அப்பா வந்தார். நித்யஸ்ரீ கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரு வாரம் மாமா" என்று அழுதாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இருக்கட்டும்" என்றாள் அத்தை. "புள்ளை ஆடட்டும்."

இப்போது தூரி ஜன்னலில் தெரிகிறது. காற்றில்லை. அப்படியே தொங்குகிறது.