பின் அச்சை மட்டும் மாற்றியவருக்கு

இன்று காலை வீட்டு வளவெல்லாம் பழைய கியர் எண்ணெய் மணந்தது. நானாட்டானிலிருந்து வந்த மெக்கானிக் உங்கள் ஜீப்பின் அடியில் படுத்து முன் அச்சைத் திறந்திருந்தார். அதை வாங்க ஆள் வந்திருக்கிறது. நான் விற்கப்போகிறேன். கோபித்தால் கோபித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரிய டயர்களைப் பூட்டிய அன்று தாழ்வுபாட்டுக் கரையில் நீங்கள் நடந்த நடை! மீன் பெட்டிகளோடு மணலில் புதையாது என்றீர்கள். புதையவில்லைதான், ஆனால் இழுக்கவுமில்லை. சில்லு பெருத்ததில் எஞ்சின் திணறியது. அச்சுக்குள் இருக்கும் பற்சில்லுகளை மாற்றி, எஞ்சின் கூடுதலாகச் சுற்ற, சில்லு குறைவாகச் சுற்றும்படி செய்தால்தான் சரிவரும் என்று, கரையில் நின்ற எல்லாருக்கும் மணலில் கீறி விளக்கினீர்கள். பின் அச்சுக்கு மாற்றினீர்கள். முன் அச்சு?

"அதைப் பிறகு பாப்பம். இப்போதைக்குப் பின் இழுவையே காணும்."

உங்கள் 'பிறகு' எனக்குத் தெரியாததா! குசினிக் கதவும் அந்தப் பிறகுக்காகத்தான் இன்னும் சாய்ந்து நிற்கிறது.

அந்த மழைநாளில் கரையிலுள்ள மீன் வாடியில் நாங்கள் இருவர்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தீர்கள். உங்களை ஏற்றிக்கொண்டு நானே ஓட்டினேன். ஈர மணலில் பின் சில்லுகள் சுற்றியபடியே நின்றன. முன் சில்லுகளும் இழுக்கட்டும் என்று அந்தச் சின்ன லீவரைப் போட்டேன். வெளியே வந்துவிட்டோம். அச்சை மாற்றுவதற்கு முன்பெல்லாம் அப்படியே தாரிலும் கொஞ்சத் தூரம் ஓடியிருக்கிறோம், ஒன்றும் ஆனதில்லை. அன்று தார் றோட்டில் ஏறிய சற்று நேரத்தில் அடியில் ஏதோ உடைந்து ஜீப் நின்றுவிட்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நீங்கள் இல்லை.

"ஆண்டவருடைய சித்தம், பிள்ளை" என்றார்கள். நானும் அவர்மேலேயே பழியைப் போட்டிருந்தேன்.

இன்று மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அக்கா, முன்னுக்கும் பின்னுக்கும் இப்ப பற்சில்லுக் கணக்கு வேற வேற. மணலெண்டா சில்லு வழுக்கித் தப்பும். தாரில வழுக்காது, உடைஞ்சிடும். முன்னுக்கும் மாத்திற வரைக்கும் அந்த லீவரைத் தொடாதேங்கோ எண்டு, பின்னுக்கு மாத்தேக்கையே அண்ணைக்குச் சொன்னனான். உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

"இல்லை" என்றேன்.

ஊருக்கெல்லாம் விளக்கினீர்கள். பாதி நாள் அந்த ஜீப்பை ஓட்டியவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. பிறகு சொல்வம் என்று இருந்திருப்பீர்கள். சண்டை பிடிக்கவும் நீங்கள் இல்லை.

அன்று பேச முடியாமல் என் கையை இறுகப் பிடித்தீர்கள். வீட்டுக்கு வெளியே ஒருநாளும் என் கையைத் தொடாத மனுசன், போகிற நேரத்தில் பிடித்தாரே என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவு காலமும் இருந்தேன். அது எந்த இடத்தில் என்று இன்றுதான் யோசித்தேன். ஈர மணலில் நின்றபோது. என் கை அந்த லீவரின்மேல் இருந்தது.