முதுகில் வைத்த பொட்டு

செவ்வாய், கார்த்திகை 3

இவர் கழுத்துக் கட்டியில் பயப்பட ஒன்றுமில்லையாம். செகந்திராபாத் ஆஸ்பத்திரியில் டாக்டர் பயாப்சி ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, புற்று இல்லை, மாத்திரையிலேயே சரியாகிவிடும் என்றார். ஆட்டோ பிடித்து மெட்டுகுடா வீட்டுக்கு வந்தோம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பூஜை அலமாரியைத் திறந்தேன். மூன்று வாரத்துக்கு முன், கட்டியிலிருந்து சதை எடுத்த அன்று, ஆத்திரத்தில் முருகன் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தவள் நான். அதன்பின் அந்த அலமாரிப் பக்கமே போகவில்லை. இவர் மட்டும் தினமும் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். படத்தை நேராக்கிவிட்டிருப்பார் என்றுதான் நினைத்தேன்.

இல்லை, படம் நான் வைத்தபடியே இருந்தது. பின்பக்க அட்டையில் சந்தனமும் குங்குமமும் பொட்டின்மேல் பொட்டாகக் கனத்துக் காய்ந்திருந்தன. மேலே இன்று காலை வைத்த செம்பருத்தி.

"ஏங்க, திருப்பி வச்சுக் கும்பிட்டிருக்கலாமே?" என்றேன்.

சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "நக்கோ, வேணாம். சண்டை உனக்கும் அவனுக்கும். நடுவுல நான் எதுக்கு?"

பயம் இவருக்கும் இருந்திருக்கும். ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

படத்தை நேராகத் திருப்பி விளக்கேற்றினேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று நின்றேன், அழுகைதான் வந்தது. பின்பக்கத்துப் பொட்டை மட்டும் துடைக்கவில்லை. எனக்கு இனிமேல் கோபமே வராது என்று என்ன நிச்சயம்? அது இருக்கட்டும்.