ரொட்டிக்கு ஆகாத கை

செப்டம்பர் 8, ஞாயிறு
இன்றும் நான் சுட்ட ரொட்டியை அம்மா தொடவில்லை. அண்ணி சுட்டதைப் பிய்த்துத் தேநீரில் நனைத்துக்கொண்டாள். இயேசுவைப் பின்பற்றுகிறேன் என்று ஏப்ரலில் எங்கள் முஸ்லிம் வீட்டில் சொன்னதிலிருந்து இப்படித்தான். சண்டை இல்லை, திட்டு இல்லை. இயேசு ருஷ்யர்களின் சாமி என்பது ஊர்க் கணக்கு; "ருஷ்யக்காரி ஆயிட்டா" என்று ஊர் சொல்வதை அம்மா ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ரொட்டி மட்டும்தான்.

பின்வாங்கப்போவதில்லை. யார் பின்னால் போகிறேன் என்று தெரிந்துதான் போகிறேன். ஆனால் அடுத்த மாதம் அப்பாவின் ஆண்டு நினைவு விருந்து. ஊரே வரும். அன்று அடுப்படியில் எனக்கு இடம் இல்லையென்றால், நான் இந்த வீட்டு மகள் இல்லை என்று ஊரறிய ஆகிவிடும்.

செப்டம்பர் 14, சனி
வேன் ஏறி, கரகோல் நகரத்து முதியோர் இல்லத்துக்குப் போய், பாட்டிகளுக்குத் தலை அலசிவிட்டு வந்தேன். மனம் நிறைந்திருந்தது. வாசலில் அண்ணி, இரட்டைக் குழந்தைகளின் துணிமலைக்கு நடுவே.

"வாங்க எழுத்துக்காரி. ஊர்க் கிழவிங்களுக்கெல்லாம் குளியல் ஆச்சா? இங்க ஒருத்தி தலை சீவி எத்தனை நாளாச்சு தெரியுமா?"

எங்கள் வழக்கப்படி மருமகள் கணவனின் தங்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அதனால், எந்நேரமும் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு இந்தப் பட்டம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

செப்டம்பர் 18, புதன்
வேதம் படிக்கும் எங்கள் சிறு குழு, சாய்கல் வீட்டில். ஆண்டவர் சீடர்களின் கால்களைக் கழுவிய பகுதி. அதைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன், நிறையவே பேசினேன். சாய்கல் என்னோடு படித்தவள், இப்போது கணக்கு டீச்சர். கேரட் சீவிக்கொண்டே கேட்டாள்: "எல்லாம் சரிடி. அவர் கழுவினது கூட உக்காந்து சாப்பிட்டவங்க காலை. நீ எதுக்கு வேன் ஏறிப் போறே?"

கோபம் வந்தது. இவளுக்கென்ன தெரியும்? இவ வீட்ல எல்லாரும் விசுவாசிங்க. இவ சுட்டதை எல்லாரும் திங்கறாங்க—

வேனில் வரும்போது யோசித்தேன். கேள்வி சரியான கேள்விதான்.

செப்டம்பர் 19
துணியெல்லாம் நான் துவைக்கிறேன் என்றேன். "என்ன வேணும் உனக்கு?" என்றாள் அண்ணி.

செப்டம்பர் 27
அண்ணி இன்னும் என்னை நம்பவில்லை. ஆனால் தலை சீவியிருந்தாள்.

அக்டோபர் 4, வெள்ளி
நாளை விருந்து. ஆடுகள் அறுத்தாயிற்று. மாவுப் பாத்திரத்தில் கை வைக்கப் போனேன். பக்கத்து வீட்டு ஷய்ர்குல் அத்தை அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நீ வேணாம்மா. தப்பா எடுத்துக்காதே. உங்கப்பாவுக்காக ஓதி வைக்கிற ரொட்டி இது."

அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்தேன். ஓடைக்கரையில் அண்ணி தனியாகக் குடல் கழுவிக்கொண்டிருந்தாள். அது மருமகளின் வேலை. மகள்கள் அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பனிமலைத் தண்ணீர், எலும்பைக் குடைகிறது. குடலை உள்வெளியாகத் திருப்பி, சாணத்தைத் தள்ளி, உப்புப் போட்டுத் தேய்த்து, அலசி, மறுபடியும்.

"எழுந்து போ. நாத்தனாரைக் குடல் கழுவ விட்டாள்னு என்னைத்தான் சிரிப்பாங்க."

"இதுல என் கை பட்டா மட்டும் ஹராம் இல்ல போலிருக்கு அண்ணி. யாருமே தடுக்கல."

அண்ணி சிரிக்க ஆரம்பித்தாள். என் மூக்கில் சாணம். இருவரும் தோள் குலுங்கச் சிரித்தோம்.

"உங்க இயேசு இதெல்லாமா செய்யச் சொல்றாரு?"

"இதுக்கு மேலயும்."

"பாவம்டி நீ."

அக்டோபர் 5, சனி
ஈரலும் அரிசியும் அடைத்த குடல்தான் முதலில் காலியானது. ஷய்ர்குல் அத்தை விரலை நக்கினார். "யாரு கழுவினது? துளி வாடை இல்லையே!"

அண்ணி தேநீர் ஊற்றிக்கொண்டே, "எங்க எழுத்துக்காரி" என்றாள்.

அத்தையின் கை அப்படியே நின்றது.

"ஏன் அத்தை நிறுத்திட்டீங்க? அவ கழுவின குடல் உள்ள இறங்கிடுச்சு. அவ பிசைஞ்ச மாவு மட்டும் தொண்டையில நிக்குமா?"

பெண்கள் வரிசையே எங்கள் பக்கம் திரும்பியது. ஐயோ அண்ணி, இப்படியா போட்டு உடைப்பே! தட்டுகளை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன். அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அப்பாவுக்காக அவர்கள் ஓதியபோது கடைசி வரிசையில் நின்று, அப்படி ஒரு அப்பாவைத் தந்ததற்காக என் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். நான் ஒளியவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை.

அக்டோபர் 9, புதன்
"இந்த வாரம் என்னடி படிச்சே?" என்றாள் சாய்கல். "குடல்" என்றேன்.

அக்டோபர் 13, ஞாயிறு
ஷய்ர்குல் அத்தை வந்திருந்தார். பேரனுக்கு விருந்தாம், ஆடு அறுக்கிறார்களாம். என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னார்: "உன் பொண்ணைக் கொஞ்சம் அனுப்பு. குடல் கழுவ."

அம்மா தேநீர்ப் பானையை எடுத்தாள். எப்போதும்போல அரைக் கிண்ணம் ஊற்றினாள். பானையை இறக்காமல் சொன்னாள்: "அனுப்பறேன். ஆனா ரொட்டியும் அவதான் சுடுவா. என்ன சொல்றே? இன்னும் ஊத்தவா?"

எங்கள் வழக்கத்தில், விளிம்புவரை ஊற்றிவிட்டால் விருந்தாளி எழுந்து போக வேண்டியதுதான்.

ஷய்ர்குல் அத்தை கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டார். வந்ததிலிருந்து முதல்முறையாக என் பக்கம் திரும்பினார்.

"எத்தனை ரொட்டி சுடுவே?"